'அவசர அழைப்பு மட்டும்': திரை சொல்வதும் சொல்லாததும்

மழைக்கால இரவு ஒன்றில் எங்கள் குடியிருப்பில் ஒரு பெரியவரைப் பாம்பு கடித்தது. கூடி நின்றவர்களில் ஏழெட்டுப் பேர் கையில் செல்போன் இருந்தது. சிலருடையதில் ரீசார்ஜ் முடிந்திருந்தது. மற்றவர்களின் திரையில் 'அவசர அழைப்பு மட்டும்' என்று ஆங்கிலத்தில் காட்டியது. "டவர் இல்லப்பா" என்று சொல்லி எல்லோரும் போனைப் பையில் போட்டுக்கொண்டார்கள். கல்லூரி படிக்கும் தம்பி ஒருவன் பைக்கில் ஊர்ப் பக்கம் போய்த்தான் 108-ஐ அழைத்தான். பெரியவர் பிழைத்தார். ஆனால் அன்று வீணான நேரம் வேறொருவர் உயிரை எடுத்திருக்கலாம்.

அந்தத் திரை என்ன சொன்னது என்பதை நாம் பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டோம். 'சேவை இல்லை' என்பதும் 'அவசர அழைப்பு மட்டும்' என்பதும் ஒன்றல்ல. முதலாவது வந்தால், அந்த இடத்துக்கு எந்த நிறுவனத்தின் கோபுரமும் எட்டவில்லை என்று பொருள். மேடான இடம் தேடிப் போவதுதான் வழி. இரண்டாவது வந்தால், நம் சிம் கார்டு நிறுவனத்தின் கோபுரம் எட்டவில்லை, வேறொரு நிறுவனத்தின் கோபுரம் எட்டுகிறது என்று பொருள். அந்த வேறு கோபுரம் நம் சாதாரண அழைப்பை ஏற்காது. அவசர அழைப்பை ஏற்கும். செல்போன் தொழில்நுட்பத்தின் உலகத் தர விதியே அப்படித்தான் வகுக்கப்பட்டிருக்கிறது.

இங்கே எண் முக்கியம். உலகில் எந்தச் செல்போனும் அவசர எண் என்று அடையாளம் காண்பது 112. நம் நாட்டில் காவல், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் பொதுவான எண்ணும் அதுவே. 108-ஐ நாம் 2008 முதல் பழகியிருக்கிறோம். சிக்னல் இருக்கும்போது அதையே அழைக்கலாம். ஆனால் அதை அவசர எண்ணாக எல்லா போன்களும் அறியும் என்று சொல்ல முடியாது. அறியாத போன் அதைச் சாதாரண அழைப்பாக எடுத்துக்கொண்டு, 'போகாது' என்று கைவிட்டுவிடும். ஆகவே திரையில் அந்த வாசகம் தெரிந்தால் 112-ஐ அழுத்த வேண்டும். ரீசார்ஜ் முடிந்து வெளி அழைப்பு நின்றுபோன எண்ணிலிருந்தும் 112-க்கு அழைப்பு போக வேண்டும் என்பது 2016-ல் இத்திட்டத்துக்கு ஒப்புதல் தரும்போதே எடுத்த முடிவு. 2017 முதல் விற்கப்படும் பட்டன் போன்களில் 5 அல்லது 9-ஐ நீளமாக அழுத்தினால் அவசர அழைப்பு போகும் வசதி இருக்க வேண்டும் என்றும் உத்தரவு உண்டு. சிம் கார்டைக் கழற்றிவிட்டு முயல வேண்டாம். பொய் அழைப்புகளைத் தடுக்க, சிம் இல்லாத அழைப்பை ஜெர்மனி போன்ற நாடுகள் நிறுத்தியே விட்டன.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். இப்படிப் போகும் அழைப்பு ஒருவழிப் பாதை. பாதியில் அறுந்தால் கட்டுப்பாட்டு அறையால் நம்மைத் திரும்ப அழைக்க முடியாது. அதனால் முதல் வாக்கியத்திலேயே இடத்தைச் சொல்ல வேண்டும். இங்கேதான் நம் பிரச்சினை தொடங்குகிறது.

நம் கிராமங்களில் ஊருக்கும் சேரிக்கும் வருவாய்ப் பதிவில் ஒரே பெயர். ஊர்ப் பெயரை மட்டும் சொன்னால் வண்டி மந்தையிலோ கோயில் வாசலிலோ வந்து நிற்கும். அங்கிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளி, ஏரிக்கரைக்கோ சுடுகாட்டுக்கோ பக்கத்தில் இருக்கும் நம் குடியிருப்புக்கு வழி கேட்டு வர வேண்டும். அரசு ஆவணங்களிலும் புழக்கத்திலும் இருந்து 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்க வேண்டிய அறிவிப்பு. ஆனால் பழைய பெயர் போய்ப் புதிய பெயர் வரும்போது, கட்டுப்பாட்டு அறையின் வரைபடத்திலும் ஆம்புலன்ஸ் ஓட்டுநரின் கைபேசியிலும் அந்தப் பெயர் ஏற வேண்டும். இல்லையென்றால் பெயர்ப் பலகையில் மரியாதை இருக்கும், இரவு பன்னிரண்டு மணிக்கு வண்டி வராது.

நமக்கு 'அவசரம்' என்பது பாம்புக்கடியும் பிரசவ வலியும் மட்டுமல்ல. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி குடியிருப்புகளில் 200-க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. அப்படி ஒரு கூட்டம் வரும்போது, சிக்னல் கிடைக்கிறது என்பதற்காக ஊர்ப் பக்கம் ஓட நம்மால் முடியுமா? நம் வாசலிலேயே போன் வேலை செய்ய வேண்டும் என்று கேட்பது உயிர்ப் பாதுகாப்புக்காக.

அதற்கு 112 மட்டும் போதாது. வன்கொடுமைகளுக்கான தேசிய உதவி எண் 14566, 2021 டிசம்பர் முதல் செயல்படுகிறது. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098 உண்டு. இவையும் 108-ஐப் போலத்தான், போன் இவற்றை அவசர எண்ணாக அறியும் என்பதற்கு உறுதி இல்லை. வழக்கறிஞரையோ பத்திரிகையாளரையோ சென்னையில் வேலை பார்க்கும் அண்ணனையோ அழைக்கவும் சாதாரண சேவைதான் வேண்டும். புகார் கொடுத்த குடும்பத்துக்கு மறுநாள் மிரட்டல் வரும்போதும் அதுதான் வேண்டும்.

வழி இல்லாமல் இல்லை. சேவை எட்டாத 24,680 கிராமங்களுக்கு 26,316 கோடி ரூபாயில் 4ஜி கொண்டுசெல்ல 2022 ஜூலையில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அரசு நிதியில் எழுந்த கோபுரங்களை ஒன்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்களின் வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் ஏற்பாடு 2025 ஜனவரியில் தொடங்கப்பட்டது. ஒரு கோபுரம் பல நிறுவனங்களுக்குப் பொதுவாக இயங்க முடியும் என்றாகிவிட்டது. ஆனால் கணக்கெடுப்பு 'கிராமம்' என்ற அலகில் நடக்கிறது. ஊர்த் தெருவில் சிக்னல் இருந்தால் கிராமமே சேவை பெற்றதாகக் கணக்கு முடிந்துவிடும். சேரி அந்தக் கணக்குக்குள் மறைந்துவிடும்.

எனவே நம் மாவட்ட நிர்வாகத்திடம் மூன்று கேட்கிறோம். ஒன்று, செல்போன் சேவைக் கணக்கெடுப்பைக் குடியிருப்பு வாரியாக நடத்த வேண்டும். இரண்டு, வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995-ன்படி வன்கொடுமை நிகழக்கூடும் என்று அடையாளம் காணப்படும் பகுதிகளில் சிக்னல் உண்டா என்பதையும் முன்தடுப்பு நடவடிக்கையாகச் சோதிக்க வேண்டும். மூன்று, குடியிருப்புகளின் பெயரும் வழியும் கட்டுப்பாட்டு அறைப் பதிவில் ஏற வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டிய, ஆட்சியர் தலைமையிலான விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு இதை எடுத்துப் பேசலாம். அடுத்த கிராம சபையில் நாமும் தீர்மானம் போடலாம்.

அதுவரை மாணவர்கள் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டுச் சுவரில் 112 என்று பெரிதாக எழுதி, அதற்குக் கீழே உங்கள் குடியிருப்பின் பெயரையும் பிரதான சாலையிலிருந்து வரும் வழியையும் எழுதி வையுங்கள். அம்மாவுக்கும் பாட்டிக்கும் படித்துக் காட்டுங்கள். எரிந்த பிறகு வந்து பார்க்கும் அதிகாரிகளை நாம் நிறையப் பார்த்துவிட்டோம். அழைத்தவுடன் வருகிறவர்களைப் பார்க்க வேண்டும்.