ஈரம் ஆளும் கூந்தல்

டிசம்பர் பிறந்ததும் தமிழ் இதழ்களின் அழகுக் குறிப்புப் பக்கங்களில் குளிர்காலக் கூந்தல் பராமரிப்பு என்ற தலைப்பு தவறாமல் வந்துவிடுகிறது. வறண்ட காற்றில் முடி உலர்ந்து உடையாமல் காக்கும் வழிகள் அதன் கீழ் அடுக்கப்படுகின்றன. வெளியே பனி கொட்ட, உள்ளே வெப்பமூட்டிகள் ஓடும் ஐரோப்பிய நகரங்களுக்கு அந்த அறிவுரை பொருந்தும். ஏனெனில் உறைகுளிர்க் காற்று வீட்டுக்குள் வந்து சூடாகும்போது அதன் ஈரப்பதம் மிகவும் தாழ்ந்துவிடுகிறது. வடகிழக்குப் பருவமழையின் கடைசிச் சுற்று இன்னும் ஓயாத, துவைத்துப் போட்ட துணி இரண்டு நாள் ஆகியும் காயாத சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் அதை அப்படியே எடுத்துவந்து பொருத்துவதில் பயன் எதுவும் இல்லை. தமிழ்நாட்டில் கூந்தலின் நிலையைப் பருவத்துக்குப் பருவம் மாற்றுவதில் வெப்பத்தைக் காட்டிலும் நீருக்கே பங்கு அதிகம்: காற்றில் உள்ள ஈரம், தலையில் ஊறும் வியர்வை, குளிக்கக் கிடைக்கும் தண்ணீரின் தன்மை ஆகிய மூன்றையும் கணக்கில் கொள்ளாத பராமரிப்பு முறை இந்த நிலத்துக்கு உரியதாகாது.

முடி என்பது கெரட்டின் எனப்படும் புரதத்தால் ஆன உயிரற்ற இழை. தோலுக்குள் புதைந்திருக்கும் மயிர்க்கால் மட்டுமே அதன் உயிருள்ள பகுதி. இழையின் வெளிப்புறத்தில் ஓடு வேய்ந்த கூரைபோல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த மெல்லிய செதில்களும், உட்புறத்தில் நீளவாக்கில் ஓடும் புரத நார்களும் உள்ளன. இந்த நார்கள் நீரை ஈர்ப்பவை. முற்றிலும் நனைந்த முடி தடிமனில் ஏறக்குறைய 15 விழுக்காடு பருக்கிறது, நீளத்தில் மட்டும் சுமார் 2 விழுக்காடே கூடுகிறது. அந்தச் சிறு நீட்சி காற்றின் ஈரத்துக்கு ஏற்ப ஒழுங்காக நிகழ்வதைக் கண்டுகொண்ட ஜெனீவா அறிஞர் ஒராஸ் பெனெடிக்ட் தெ சொசூர், எண்ணெய்ப்பசை நீக்கிய மனித முடியை இழுத்துக் கட்டி, அது நீள்வதையும் சுருங்குவதையும் ஒரு முள்ளின் அசைவாகக் காட்டும் ஈரப்பதமானியை உருவாக்கி, 1783-இல் அதைப் பற்றி நூலும் வெளியிட்டார். மின்னணுக் கருவிகள் பரவும்வரை ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுக் காலம் வானிலை நிலையங்களில் காற்றின் ஈரத்தை அளந்த கருவிகளுள் முடி ஈரப்பதமானியும் ஒன்று.

கூந்தல் அலங்காரத்தின் அடிப்படையும் இந்த இயல்பிலேயே அடங்கியிருக்கிறது. புரத நார்களைப் பிணைத்து வைப்பவற்றுள் இரண்டு வகைப் பிணைப்புகள் முதன்மையானவை. கந்தக அணுக்கள் இரண்டு சேர்ந்து உருவாகும் டைசல்ஃபைடு பிணைப்பு உறுதியானது. அதை அவிழ்ப்பதற்கு வேதிப்பொருள் வேண்டும். ஹைட்ரஜன் பிணைப்போ நீர் பட்டதும் அவிழ்ந்து, முடி எந்த வடிவில் உலர்கிறதோ அந்த வடிவிலேயே மறுபடி இறுகும். ஈரக் கூந்தலைப் பின்னி, உலர்ந்தபின் பிரித்தால் அது அலையலையாக நிற்பதும், சூடான இரும்புத் தட்டுகளுக்கு இடையே இழுத்து நேராக்கப்பட்ட முடி ஐப்பசி மாதக் காலையில் பேருந்து நிறுத்தத்தை அடைவதற்குள் பழையபடி சுருண்டுகொள்வதும் இந்த ஒரே விதியின் விளைவுகள். மழைக்காலத் திருமண வரவேற்புகளுக்காக முடியை நேராக்கிக்கொள்ளச் செலவிடப்படும் பணத்தில் பெரும்பகுதி மண்டபத்து வாசலிலேயே கரைந்துவிடுகிறது என்பதை அழகு நிலையங்கள் சொல்வதில்லை. மாதக்கணக்கில் நிற்கும் என்று விற்கப்படும் கெரட்டின் சிகிச்சைகளில் சில, சூடுபடும்போது ஃபார்மால்டிஹைடு என்னும் வாயுவை வெளியிட்டுக் கண்ணையும் மூச்சுக்குழாயையும் எரிச்சலுக்கு உள்ளாக்குவதால், அவற்றை நாடுவோர் கலவையில் என்ன இருக்கிறது என்று கேட்டறிவது நல்லது. ஈரக்காற்றை எதிர்த்து நிற்பதற்கு மாறாக அதற்கு இடம் கொடுக்கும் அலங்காரமே இங்கு நிலைக்கும். தளர்வான பின்னலும் கொண்டையும் தலைமுறை தலைமுறையாக நீடித்ததற்கு மரபுப்பற்று ஒன்றே காரணம் என்று சொல்வதற்கில்லை.

தொல்காப்பியம் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுக்கிறது. அவற்றுள் கூதிர் எனப்படும் ஐப்பசியும் கார்த்திகையுமே கரையோர மாவட்டங்களுக்கு உண்மையான மழைக்காலம். மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் பெய்கிறது. கூந்தலுக்கு மிகுந்த கவனம் வேண்டியதும் இந்தக் காலத்தில்தான். பள்ளிக்கோ வேலைக்கோ விரையும் அவசரத்தில் ஈரத்தலையை அப்படியே இறுக்கிப் பின்னி, மடித்துக் கட்டுவதால் பின்னலின் உட்பகுதி மாலை வரை காயாமல் கிடக்க, பூஞ்சைகள் வளர்வதற்கு ஏற்ற வெதுவெதுப்பும் ஈரமும் அங்கே அமைந்துவிடுகின்றன. நனைந்த முடி எளிதில் நீண்டு அறுந்துபோகும் நிலையில் இருப்பதால், இறுக்கமான பின்னல் அதற்கு இரட்டைச் சுமை. ஆண்டுக்கணக்கில் இழுத்துக் கட்டுவோருக்கு நெற்றியோரத்து முடி பின்வாங்கிக்கொண்டே போவதைத் தோல் மருத்துவர்கள் இழுவை வழுக்கை என்கின்றனர். தலைக்குக் குளித்த நாளில் நுனியில் மட்டும் முடிச்சிட்டு முடியை உலரவிடுவதும், வீட்டைவிட்டுக் கிளம்பும் நேரத்துக்கு ஏற்ப முந்தைய நாள் மாலையிலேயே குளித்துவிடுவதும் எளிய மாற்றுகள்.

மழைக்காலத்தில் பலருக்கும் தலைதூக்கும் பொடுகைப் பற்றிய தவறான எண்ணம் ஒன்றை இங்கே குறிப்பிட வேண்டும். உதிரும் செதில்களைக் கண்டு தலைத்தோல் வறண்டுவிட்டதாகக் கருதி, மேலும் மேலும் எண்ணெய் தடவி ஊறவைப்போர் மிகப் பலர். பொடுகுக்குப் பெரும்பாலும் காரணமாவது மலசீசியா என்னும் நுண்பூஞ்சை. எல்லார் தலையிலும் குடியிருக்கும் அது, தோல் சுரக்கும் எண்ணெய்ப்பசையை உண்டு வாழ்வது. ஊறும் எண்ணெய் அதற்கு உணவாகுமே அன்றி மருந்தாகாது. கீட்டோகோனசோல் கலந்த ஷாம்புவைத் தடவி, சில நிமிடம் விட்டு அலசுவதே பயன் தருவது.

இதனால் எண்ணெய்க் குளியலே வீண் என்றாகிவிடாது. தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு 2003-இல் வெளியான ஆய்வு ஒன்று, தேங்காய் எண்ணெய் மட்டுமே முடி இழக்கும் புரதத்தின் அளவைக் குறிப்பிடத்தக்க வகையில் குறைக்கிறது என்று காட்டியது. அதிலுள்ள லாரிக் அமிலம் நேரான, சிறிய மூலக்கூறு என்பதால் இழைக்குள் ஊடுருவி, குளிக்கும்போது நீர் புகுந்து முடி பருப்பதை மட்டுப்படுத்துகிறது என்பது அதன் விளக்கம். அந்த ஆய்வு தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனம் ஒன்றின் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது என்பதையும் வாசகர் மனத்தில் கொள்ளலாம். எப்படியாயினும், எண்ணெயின் பயன் குளிப்பதற்கு முன் தடவுவதில் இருக்கிறது. குளித்து முடித்துத் தலையில் நாள் முழுதும் எண்ணெய் வழிய விடுவது தூசியைப் பிடித்து வைப்பதற்கே உதவும். பருவமழை தொடங்கும் வேளையில் வரும் தீபாவளியின் எண்ணெய்க் குளியல், தடவுவதும் ஊறுவதும் தேய்த்துக் கழுவுவதும் அடுத்தடுத்து நிகழும் முறை என்பதால் இந்த வரிசையில் சரியாக அமைகிறது.

மார்கழியில் உட்புற மாவட்டங்களிலும் மலைப்பகுதிகளிலும் தேங்காய் எண்ணெய்ப் புட்டியை வெயிலில் வைத்து உருக்க வேண்டியிருப்பது, அந்த எண்ணெய் சுமார் 24 பாகை செல்சியஸில் உறைவதால் ஆகும். தமிழ்நாட்டுச் சமவெளியில் குளிர்காலம் என்று சொல்லத்தக்கதன் அளவு பெரும்பாலும் அவ்வளவே. விடியலுக்கு முன் தலைக்குக் குளிப்போர் ஈரத்தலையால் சளி பிடிக்கும் என்று அஞ்சுவதுண்டு. சளியைத் தருவது வைரஸ். சாம்பிராணிப் புகை காட்டும் வழக்கத்தில் முடியை உலர்த்துவது தணலின் வெப்பமே, புகையன்று. ஆஸ்துமா உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் மின்விசிறியே போதும்.

கோடையின் சிக்கல் வேறு. மே 4-ஐ ஒட்டித் தொடங்கும் அக்னி நட்சத்திர நாள்களில் வெயிலின் புற ஊதாக் கதிர்கள் முடிக்குக் கருமை தரும் மெலனினைச் சிதைத்துச் செம்பட்டையாக்குவதோடு, இழையின் புரதத்தையும் நலிவிக்கின்றன. இதற்குக் குடையையும் தலையைப் போர்த்தும் பருத்தித் துணியையும்விடச் சிறந்த மருந்து எந்தப் புட்டியிலும் இல்லை. கரையோரத்தில் காற்றின் ஈரம் மிகுதியாக இருப்பதால் வியர்வை ஆவியாகாமல் தலையிலேயே தங்கி, உப்பும் எண்ணெய்ப்பசையும் தூசியும் சேர்ந்த படலமாகிறது. வாரம் இருமுறைதான் தலைக்குக் குளிக்க வேண்டும் என்ற விதி, தலைக்கவசம் அணிந்து இருசக்கர வண்டியில் நாள்தோறும் ஒரு மணி நேரம் பயணம் செய்வோருக்குப் பொருந்தாது. அவர்கள் மென்மையான ஷாம்புவால் நாள்விட்டு நாளோ, தேவைப்பட்டால் தினமுமோ தலையை அலசுவதில் தீங்கில்லை. கோடை விடுமுறையில் பழனியிலும் சமயபுரத்திலும் குழந்தைகளுக்கு மொட்டையடிப்பது வேனலுக்கு இதமானது. அதனால் முடி அடர்த்தியாக வளரும் என்பது மட்டும் உண்மையன்று, ஏனெனில் கத்தி தொடுவது உயிரற்ற இழையையே, மயிர்க்காலை அன்று.

கோடையில் மேலும் கடுமையான மாற்றம் குழாய்க்குள் நிகழ்கிறது. நிலத்தடி நீர்மட்டம் தாழத் தாழ, ஆழ்துளைக் கிணற்று நீரில் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் பல இடங்களில் செறிவடைகின்றன. இதையே நீரின் கடினத்தன்மை என்பர். இந்தியத் தர நிர்ணய அமைப்பு குடிநீரில் இதற்கு லிட்டருக்கு 200 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீராதாரம் இல்லாதபோது 600 மில்லிகிராமை வரம்பாகவும் வகுத்திருக்கிறது. சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்ட 2019-இன் கோடையைப் போன்ற காலங்களில் லாரித் தண்ணீரையும் போர்த் தண்ணீரையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் குடும்பங்கள், உப்புத் தண்ணீரால் முடி கொட்டுகிறது என்ற முடிவுக்கு வந்துவிடுகின்றன. கோயம்புத்தூர்த் தோல் மருத்துவர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், கடின நீரில் நனைத்த முடிக்கும் வடிநீரில் நனைத்த முடிக்கும் இழுவலிமையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பாகிஸ்தானில் பின்னர் நடந்த ஆய்வு ஒன்று வலிமை குறைவதாகக் கூறியது. வலிமையைப் பற்றிய வழக்கு முடியாவிட்டாலும், கடின நீரின் உப்பு படிந்து முடி சொரசொரப்பாகிச் சிக்குவதைச் சீப்பே சொல்லிவிடும். அது இழையின் மேற்பரப்பில் நிகழ்வது. வேரோடு முடி உதிர்வதற்கு அதைக் காரணமாக்குவதற்கு ஆதாரம் போதாது.

கட்டிச் சோப்பு கடின நீரோடு சேரும்போது கரையாத வெண்ணிறக் கசடாகி முடியில் ஒட்டுகிறது. அதன் காரத்தன்மை செதில்களைத் தூக்கி நிறுத்திவிடுகிறது. சீயக்காயிலும், கொங்கு நாட்டார் அரப்பு என்று பயன்படுத்தும் உசிலை இலைப் பொடியிலும் உள்ள சப்போனின்கள் இயற்கையான நுரைப்பொருள்கள்; அவை சோப்பைப் போலக் கசடு கட்டுவதில்லை. ஷாம்புவும் கசடு கட்டாது. கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் முன்னெடுத்த சிறு பாக்கெட் முறையும், அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் தொடங்கிய நிறுவனத்தின் விற்பனையும் சேர்ந்து ஷாம்புவைக் கிராமங்கள் வரை கொண்டு சேர்த்தபோது, சீயக்காயின் இடத்தை மட்டுமல்லாமல், தலைக்கும் உடம்புக்கும் ஒரே சோப்பு என்றிருந்த வீடுகளில் சோப்பின் இடத்தையும் அது பிடித்தது. பின்னதைப் பொறுத்தவரை அது கூந்தலுக்கு நன்மையே. போர்த் தண்ணீரில் குளிப்போர் கடைசி ஒரு குவளையை மட்டும் மழைநீராகவோ வடிகட்டிய நீராகவோ வைத்துக்கொண்டால் படிவு பெருமளவு குறையும்.

ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் மாவட்டங்களில் விரித்த கூந்தல் மாலைக்குள் சிக்காகிவிடும் என்பதால், அந்த மாதத்தின் அலங்காரம் பின்னலே. பூவும் பருவத்துக்குக் கட்டுப்பட்டது: 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி வெயில் மாதங்களில் மலிந்து, மார்கழிப் பனியில் அருகி, கிலோ ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு ஏறிவிட, டிசம்பர் பூவும் கனகாம்பரமும் சாமந்தியும் கூந்தலுக்கு வருகின்றன.

முடி உதிர்வதிலும் பருவம் உண்டு. தலையில் உள்ள ஏறக்குறைய ஒரு லட்சம் முடிகளில் நாள்தோறும் 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பு. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் 14 ஆண்களை 18 மாதங்கள் கவனித்து 1991-இல் வெளியான ஆய்வு, ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் உதிர்வு உச்சம் தொட்டு, குளிர்கால அளவைப்போல் இரு மடங்குக்கும் மேலானதைக் கண்டது. கோடையிலும் குளிரிலும் பகல்நீளம் பெரிதும் மாறுபடும் வட அட்சரேகை நாட்டின் கணக்கு அது. பகல்நீளம் ஆண்டு முழுதும் அதிகம் மாறாத தமிழ்நாட்டுக்கு அதை அப்படியே ஏற்றுவது முறையாகாது. இங்கே தை, மாசியில் கொத்துக் கொத்தாக முடி கொட்டுவதாகச் சொல்லி மருத்துவரிடம் வருவோரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, மழைக்காலத்தில் காய்ச்சல் வந்ததா என்பது. தேங்கிய மழைநீரில் பெருகும் கொசுக்களால் பரவும் டெங்கு போன்ற கடுங்காய்ச்சல், வளர்நிலையில் உள்ள முடிகளில் பலவற்றை ஒருசேர ஓய்வுநிலைக்குத் தள்ளிவிடுகிறது. ஓய்வுநிலை இரண்டு மூன்று மாதம் நீடிப்பதால், கார்த்திகையில் வந்த காய்ச்சலின் விளைவு பொங்கலுக்குப் பிறகே தெரிகிறது, பழி பனியின் மீதும் புதிதாக வாங்கிய ஷாம்புவின் மீதும் விழுகிறது. இத்தகைய உதிர்வு பெரும்பாலும் ஆறு மாதங்களுக்குள் தானே அடங்கி, முடி மீண்டும் வளர்கிறது. அதற்குமேலும் நீடித்தால், விலையுயர்ந்த மூலிகைத் தைலத்தைத் தேடுவதற்கு முன் இரும்புச்சத்தின் அளவையும் தைராய்டு சுரப்பின் நிலையையும் இரத்தப் பரிசோதனையால் அறிந்துகொண்டு, தோல் மருத்துவரைக் காண வேண்டும்.