டிரைவர் தம்பிக்கும் ஒரு நாள் வேணும்

பூசை முடிஞ்சு பேசிக்கிட்டு இருந்ததை இங்கேயும் எழுதுறேன்.

எங்க தொழிற்சாலைக்குக் கிள்ளான் துறைமுகத்திலிருந்து சரக்கு ஏத்தி வர்ற லோரி டிரைவர் தம்பி ஒருத்தர் இருக்கார். 11 வருஷமா சிம்பாங் பூலாய் டோல்ல இறங்கி வர்றார். இங்கே சுத்திப் பார்த்ததே இல்லையாம். போன மாசம், "அண்ணே, பிள்ளைங்களை வரச்சொல்லி ஒரு நாள் தங்கிட்டுப் போகவா?"ன்னு கேட்டார். சரக்கு அவசரம், முடியாதுன்னு சொன்னது நான்தான். அந்தச் சரக்கு ரெண்டு நாள் ஸ்டோர்லயே கிடந்துச்சு!

லீவு எடுத்தா டிரிப் காசு போயிடும்னு டிரைவர்களும் கேட்கிறதில்ல. 1955 வேலைச் சட்டப்படி, ஒரே முதலாளிகிட்ட 5 வருஷம் தாண்டினா வருஷத்துக்கு 16 நாள் சம்பளத்தோட லீவு உண்டு. நம்ம வீட்டு டிரைவர்களுக்கும் சொல்லுங்க.

பத்து காஜா பக்கம் கெல்லி கோட்டை இருக்கே, அதைக் கட்டும்போது நம்ம ஆளுங்க காய்ச்சல்ல விழுந்தாங்க. கோயில் வேணும்னு அவங்க கேட்டதுக்கு கெல்லி ஸ்மித் துரை சம்மதிச்சார்னு சொல்றாங்க. அந்த மாரியம்மன் கோயில் கூரையில துரை சிலையும் இருக்கு. அந்தக் காலத்துத் துரையே காது கொடுத்திருக்கார், நான் கொடுக்கல.

இப்ப லீவு பாரத்துல கையெழுத்து போட்டாச்சு. அடுத்த ஞாயிறு தம்பி குடும்பத்தோட வர்றார். முதல்ல அந்தக் கோயிலுக்குத்தான் கூட்டிட்டுப் போறேன். மத்தியானம் நம்ம அன்னதானத்துல நாலு இலை கூடப் போடுங்க.