கப்பலுக்கு முன்னால் ஒரு கம்பெனி... வக்கீல் வ.உ.சி!

'கப்பலோட்டிய தமிழன்' என்றதும் கப்பல் ஞாபகம் வரும், சிறையில் இழுத்த செக்கு ஞாபகம் வரும். அவர் என்ன வேலை பார்த்தார் என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்போம். பள்ளிக்கூடத்தில் ஒரு வரியில் கடந்துபோனதுதானே... வ.உ.சி ஒரு வக்கீல்!

1872-ல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தவர். அப்பா உலகநாத பிள்ளையும் வக்கீல். பிளீடர் தேர்வில் தேறி, சொந்த ஊரிலேயே தொழிலைத் தொடங்கி, 1900-ல் தூத்துக்குடிக்கு வந்தார்.

அப்போது தூத்துக்குடி - கொழும்பு கடல்வழி, பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனியின் கையில் இருந்தது. அதை எதிர்க்க மேடைப்பேச்சு மட்டும் போதாது என்று வ.உ.சி நினைத்தார். 1906 அக்டோபர் 16-ம் தேதி, வெள்ளைக்காரன் போட்ட கம்பெனிச் சட்டத்தின் கீழேயே சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். 40,000 பங்குகள், பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய். ஆசியர்கள் மட்டுமே பங்கு வாங்கலாம் என்று ஒரு விதி. என்னைக் கேட்டால் மொத்தக் கதையிலும் கெட்டிக்கார இடம் இதுதான். எதிராளி பணத்தைக் கொட்டிப் பங்குகளை வளைத்துப்போட வழியே இல்லை!

பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் மட்டும் 2 லட்சம் ரூபாய்க்குப் பங்கு எடுத்தார். சட்ட ஆலோசகர்களில் ஒருவர் சேலம் விஜயராகவாச்சாரியார். இத்தனை பேரைத் திரட்டிய வ.உ.சி வைத்துக்கொண்ட பதவி, உதவிச் செயலாளர்!

அடுத்த ஆண்டு காலியா, லாவோ என இரண்டு கப்பல்கள் வந்தன. கட்டணச் சண்டை ஆரம்பித்தது. கடைசியில் பிரிட்டிஷ் கம்பெனி இலவசப் பயணத்தோடு குடையும் கொடுத்துப் பார்த்தது. (இன்றைய ஆப் கம்பெனிகளின் ஆஃபருக்கெல்லாம் தாத்தா!)

1908-ல் கோரல் மில் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்குத் துணை நின்றார். மார்ச் 12-ல் கைது. ராஜத்துரோக வழக்கில் நீதிபதி பின்ஹே விதித்த தண்டனை 40 ஆண்டுகள். மேல்முறையீட்டில் அது 6 ஆண்டுகளானது.

1912 டிசம்பரில் வெளியே வந்தபோது கம்பெனி இல்லை. காலியா, போட்டிக் கம்பெனிக்கே விற்கப்பட்டிருந்தது. அதைவிடப் பெரிய அடி, வக்கீல் சன்னது பறிபோனது. கோர்ட் வாசலை மிதிக்க முடியாத வக்கீல் வேறு என்ன செய்வார்? சென்னையில் கடை வைத்தார், கஷ்டப்பட்டார். தென்னாப்பிரிக்க இந்தியர்கள் அவருக்காகத் திரட்டிய பணம் காந்தியிடம் இருந்தது. கடிதம் மேல் கடிதம் எழுதி, 1916-ல் 347 ரூபாய் 12 அணா கைக்கு வந்தது. எழுதியவரும் வக்கீல், பதில் போட்டவரும் வக்கீல்!

பிறகு வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தது. வ.உ.சி அந்த நன்றியை மறக்கவில்லை. தன் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். கோவில்பட்டியிலும் பிறகு தூத்துக்குடியிலும் மறுபடி வக்கீல் கோட்டைப் போட்டுக்கொண்டு வழக்காடினார்.

1936 நவம்பர் 18-ல் தூத்துக்குடியிலேயே காலமானார். 2011 முதல் இங்குள்ள துறைமுகத்துக்கு வ.உ.சிதம்பரனார் என்று பெயர்.