கார்புரேட்டர் கழுவப் புளி விற்கலாமா?

நம்மில் பலருக்குச் சரக்கு ஏற்றிவர இன்றும் பழைய மொபட்டும் மோட்டார் சைக்கிளுமே துணை. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் கிடையாது. அதற்கு முந்தைய வண்டிகளை மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தினால், பெட்ரோல் ஆவியாகி, மிஞ்சும் பிசின் ஜெட் துவாரத்தை அடைத்துவிடும்.

"பித்தளைச் செம்பு பளிச்சிடுகிறதே, கார்புரேட்டருக்கும் புளி போதாதா?" என்று வாடிக்கையாளர் கேட்கிறார். புளி, வினிகர், சோடா எல்லாம் நம் கடைச் சரக்குதான். விற்றால் நமக்கு லாபமே. ஆயினும் உள்ளதைச் சொல்லியே விற்க வேண்டும் என்பது நமது கருத்து.

புளிப்புச் சரக்கு களிம்பை எடுக்கும். ஆனால் அதிக நேரம் ஊறினால் கார்புரேட்டரின் அலுமினிய, துத்தநாகக் கலவை உடலையே அரித்துவிடும். சலவை சோடாவும் அலுமினியத்துக்குப் பகை. பிசினைக் கரைக்க, ஸ்பேர்ஸ் கடையில் கிடைக்கும் கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரேயே ஏற்றது. அடிக்குமுன் ரப்பர் வாஷர்களைக் கழற்றிவிட வேண்டும். ஜெட்டில் ஊசி விடக் கூடாது. பித்தளை மெதுவானது, துவாரம் பெரிதானால் பெட்ரோல் வீணாகும். சைக்கிள் பம்பால் காற்றடித்தாலே போதும்.

எல்லாவற்றிலும் முக்கியம், இந்த வேலையை வீட்டுக்குள்ளோ கடைக்குள்ளோ செய்யாதிருப்பது. அடுப்பும் சாமி விளக்கும் எரியும் இடத்தில் பெட்ரோல் ஆவி பரவினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. திறந்தவெளியில், வண்டி ஆறிய பின்னரே தொடவேண்டும்.

கால் கிலோ புளி விற்காமல் போனால் நட்டமில்லை. நம் சொல்லைக் கேட்டு ஒருவர் வண்டியைக் கெடுத்துக்கொண்டால், அவர் மறுபடி நம் கடைப் படி ஏறமாட்டார்.