ஜில்லா பஞ்சாயத்துத் தேர்தல்

2019 டிசம்பரில் நமது ராஜ்யத்தின் 27 ஜில்லாக்களில் கிராம ஜனங்கள் வோட்டளித்தனர். மறு மாதம் வெளியான முடிவுகளில், 515 ஜில்லா பஞ்சாயத்து ஸ்தானங்களில் பெரும்பான்மை, அன்று எதிர்க்கட்சியாயிருந்த தி.மு.க. கூட்டணிக்கே கிட்டிற்று. ஆளுங்கட்சியின் கர்வம் பங்கமுற்றதென்று பலர் களித்தனர். களிப்புக்கு இடமுண்டு. ஆயினும், 2016 அக்டோபர் முதல் மூன்று வருஷத்திற்கு மேலாக ஜனப் பிரதிநிதிகளின்றி உத்தியோகஸ்தர்களே அப்பஞ்சாயத்துகளை ஆண்டு வந்ததை நாம் மறப்பதற்கில்லை. ஆயுள் முடியுமுன் தேர்தல் நடத்துக என்பது அரசியல் சட்டத்தின் கட்டளை. அத்தாமதத்தைக் கண்டித்த தி.மு.க.வே சர்க்காரை நடத்திய காலத்தில், 2025 ஜனவரி 5-ந் தேதி அப்பஞ்சாயத்துகளின் ஆயுள் முடிந்தது, தேர்தலோ நடக்கவில்லை. மறுபடியும் தனி அலுவலர்களே வந்தமர்ந்தனர். இரு தடவையும் கூறப்பட்ட சமாதானம் வார்டு வரையறை! வார்டுகளைப் பிரிக்க ஐந்து வருஷம் போதாதா?