'நர்ஸ் மாதிரிதான்' என்றால் எந்த மாதிரி?

பிளஸ்-2 ரிசல்ட் வந்துவிட்டால் போதும். சின்ன ஊர்களில் பஸ் நிலையச் சுவர், டீக்கடைப் பலகை, கரண்டுக் கம்பம் எல்லாவற்றிலும் நோட்டீஸ் ஏறிவிடும். "மருத்துவ உதவியாளர் படிப்பு! ஆறே மாதம்! படித்தவுடன் வேலை!"

உத்திரமேரூர் பக்கத்தில் ஏரித் தண்ணீரை நம்பி நெல் போடுகிற ஒரு விவசாயி, மகளை அழைத்துக்கொண்டு அப்படி ஓர் இடத்துக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் அவர் மூன்றே கேள்விதான் கேட்கிறார்.

"இதைப் படிச்சா நர்ஸ் வேலைங்களா?"

"நர்ஸ் மாதிரிதாங்க."

"கவர்மென்ட் ஆஸ்பத்திரியில எடுத்துப்பாங்களா?"

"எடுக்கிற மாதிரிதாங்க சர்டிபிகேட் குடுப்போம்."

"டாக்டர் பக்கத்துல நின்னு செய்யற வேலைதானே?"

"அந்த மாதிரிதாங்க."

மூன்று கேள்விக்கும் 'மாதிரி' என்றே பதில்! மகளின் கம்மல் அடகுக் கடைக்குப் போகிறது. ரசீது கைக்கு வருகிறது. 'எந்த மாதிரி?' என்று நாலாவது கேள்வியை அவர் கேட்கவில்லை. அதைக் கேட்கச் சொல்லிக்கொடுக்க அங்கே யாரும் இல்லை.

கம்பவுண்டர் காலம்

வயதானவர்களுக்குக் கம்பவுண்டரைத் தெரியும். டாக்டர் சீட்டு எழுதுவார்; கம்பவுண்டர் பாட்டிலில் மிக்சர் ஊற்றி, அளவுக்குக் காகிதம் ஒட்டிக் கொடுப்பார். புண்ணைக் கழுவிக் கட்டுப் போடுவார். டாக்டர் இல்லாத நேரத்தில் ஊருக்கே அவர்தான் தைரியம். பலர் எந்தக் கல்லூரிக்கும் போகாமல், டாக்டருக்குப் பக்கத்தில் வருஷக்கணக்கில் நின்று தொழில் கற்றவர்கள்.

டாக்டருக்குக் கைகொடுக்கிற ஆள் வேண்டும் என்பது புது யோசனையும் இல்லை. சென்னை மருத்துவக் கல்லூரியே 1835-ல் பள்ளிக்கூடமாகத் தொடங்கியபோது, கம்பெனி சர்க்கார் டாக்டர்களுக்கு உதவியாட்களைத் தயார் செய்வதுதான் அதன் வேலை. அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகம் 1965-ல், கடற்படையில் மருத்துவ வேலை பார்த்துத் திரும்பிய நான்கு பேரை வைத்து, 'பிசிஷியன் அசிஸ்டென்ட்' என்ற படிப்பை ஆரம்பித்தது. அது 1992-ல் சென்னைக்கு வந்தது. மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் இருதய டாக்டர் கே.எம்.செரியன் இந்தியாவிலேயே முதலாவதாக அதைத் தொடங்கினார்.

இன்று தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தில் இணைந்த கல்லூரிகளில் இது பி.எஸ்சி. பட்டப்படிப்பு. உடற்கூறு, மருந்தியல், நோய்க்கூறு என்று வகுப்பு. பிறகு ஆஸ்பத்திரியில் பயிற்சி. இரண்டும் சேர்ந்து நாலு வருஷம் ஓடிவிடும். நோயாளியிடம் விவரம் கேட்டு எழுதுவது, பரிசோதனை முடிவுகளைச் சேர்த்துவைப்பது, ஆபரேஷனில் கைகொடுப்பது எல்லாம் டாக்டரின் மேற்பார்வையில்தான்.

நாலு வருஷப் படிப்புக்கும் ஆறு மாத வகுப்புக்கும் ஒரே பெயரா? 'மருத்துவ உதவியாளர்' என்று இரண்டையும் ஒரே போர்டில் எழுதிவிட்டால் விவசாயிக்கு எப்படித் தெரியும்?

மனக்கணக்குப் போதும்

2021-ல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. டாக்டர், நர்ஸ், மருந்தாளுநர் தவிர ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் லேப் டெக்னீஷியன், எக்ஸ்ரே எடுப்பவர், ஆபரேஷன் தியேட்டர் ஊழியர், பிசிஷியன் அசிஸ்டென்ட் போன்றவர்களை 10 பிரிவாக்கி அது வரிசைப்படுத்துகிறது. டிப்ளமோ என்றால் குறைந்தது 2,000 மணி நேரம், அதுவும் 2 முதல் 4 வருஷத்தில். 'ஹெல்த்கேர் புரொபஷனல்' என்ற மேல்வரிசைக்குப் பட்டப்படிப்பு வேண்டும். அதற்குக் குறைந்தது 3,600 மணி நேரம், 3 முதல் 6 வருஷத்தில். மாநிலந்தோறும் மன்றம் வைத்துப் பதிவேடு எழுத வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது.

கல்லாவில் உட்கார்ந்திருப்பவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு நாளைக்கு 6 மணி நேரம் வகுப்பு. மாதம் 25 நாள். ஆறு மாதத்துக்கு எவ்வளவு? 900 மணி. ஒரு நாள்கூட லீவு விடாமல், வாத்தியார் ஒரு நாள்கூட மட்டம் போடாமல் நடந்தாலும் 900-தான். 2,000-த்தில் பாதிகூட இல்லை!

ஆறு மாத வகுப்பே கூடாது என்பதல்ல. படுத்த படுக்கையாக இருப்பவரைப் புரட்டிப் படுக்கவைப்பது, குளிப்பாட்டுவது, சாப்பாடு கொடுப்பது, வீல்சேரில் அழைத்துப்போவது எல்லாம் கௌரவமான வேலைதான். வீட்டில் ஒரு முதியவர் விழுந்து கிடந்தால்தான் அதன் அருமை தெரியும். அதற்குக் குறுகிய காலப் பயிற்சி போதும். ஆனால் அந்தப் பயிற்சியை அந்தப் பெயர் சொல்லித்தானே விற்க வேண்டும்? அரிசிக் கடையில் நொய்யை நொய் என்று விற்றால் வியாபாரம். பொன்னி என்று விற்றால் அதற்குப் பெயர் வேறு.

சிரிஞ்சிலும் 'மாதிரி' உண்டு

பணம் போனால் போகட்டும், உயிர்?

சர்க்கரை வியாதிக்காரருக்குப் போடுகிற இன்சுலினை எடுத்துக்கொள்ளுங்கள். 40 யூனிட் மருந்து என்று ஒன்று உண்டு, 100 யூனிட் மருந்து என்று ஒன்று உண்டு. சிரிஞ்சும் அதற்குத் தக்கபடி தனித்தனி. 40-க்கு மூடி சிவப்பு, 100-க்கு ஆரஞ்சு. பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான்! 100 யூனிட் மருந்தை 40 யூனிட் சிரிஞ்சில் ஏற்றிவிட்டால் போக வேண்டிய அளவுபோல இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். சர்க்கரை சரசரவென்று இறங்கி நோயாளி மயங்கி விழுவார். கவனிக்காமல் விட்டால் எழுந்திருக்கவே மாட்டார்.

போட்டு முடித்த ஊசியை எங்கே போடுவது? 2016-ம் வருஷத்து மருத்துவக் கழிவு விதிப்படி ஊசி வெள்ளை டப்பாவில், அதுவும் குத்தினாலும் ஓட்டை விழாத டப்பாவில். ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பையில். ரப்பர் குழாய், கையுறை சிவப்பில். கண்ணாடி நீலத்தில். மாற்றிப் போட்டால் மறுநாள் குப்பை அள்ளுகிற தொழிலாளியின் கையில் ஊசி ஏறும்.

இதையெல்லாம் கரும்பலகையில் எழுதிப்போட்டுச் சொல்லித்தர முடியுமா? கிணற்றைப் படம் வரைந்து காட்டி நீச்சல் கற்றுக்கொடுத்த கதைதான். வார்டில் நிற்க வேண்டும். சீனியர் நர்ஸ் திட்ட வேண்டும். நூறு தடவை செய்து கை பழக வேண்டும். ஆஸ்பத்திரி இல்லாத மருத்துவப் படிப்பு, வயல் இல்லாத விவசாயம்.

உத்திரமேரூருக்கா பாடம்?

இதில் வேடிக்கை என்னவென்றால், தகுதியைப் பற்றி உத்திரமேரூருக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் இந்த ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் வெட்டிவைத்த குடவோலைச் சட்டம் உலகத்துக்கே தெரியும். வாரியத்துக்கு வருகிறவனுக்கு 35 வயதுக்கு மேல், 70-க்குள் இருக்க வேண்டும். வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும். முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவனுக்கு இடம் இல்லை; அவன் சொந்தக்காரனுக்கும் இல்லை!

இதே வட்டாரத்தில் பாலாற்றங்கரையில் திருமுக்கூடல். அங்கே வேங்கடேசப் பெருமாள் கோயிலில், 1063 முதல் 1070 வரை ஆண்ட வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு 15 படுக்கை கொண்ட ஓர் ஆஸ்பத்திரியைப் பற்றிச் சொல்கிறது. வைத்தியர் ஒருவர். அறுவை செய்பவர் ஒருவர். மூலிகையும் விறகும் கொண்டுவந்து மருந்து தயாரிக்க இருவர். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள் இருவர். நாவிதர் ஒருவர். யாருக்கு என்ன வேலை, எத்தனை கலம் நெல் கூலி என்று கல்லில் கணக்கு இருக்கிறது.

அந்தப் பெண்கள் இருவரை 'வைத்தியர் மாதிரி' என்று கல்வெட்டு சொல்லவில்லை. அவரவர் வேலையை அவரவர் பெயரில் எழுதிக் கூலியும் கொடுத்தார்கள். ஏறக்குறைய 950 வருஷத்துக்கு முன்னால் கல்லில் எழுத முடிந்ததை இன்றைக்கு ஒரு தகரப் போர்டில் எழுத முடியாதா?

என்ன செய்ய வேண்டும்?

மருத்துவ சம்பந்தமான படிப்பு நடத்தும் எந்த இடமானாலும் வாசலில் மூன்று வரி எழுதிவைக்க வேண்டும். எந்தப் பல்கலைக்கழகம் அல்லது மன்றம் அங்கீகாரம் கொடுத்தது? மொத்தம் எத்தனை மணி நேரம்? எந்த ஆஸ்பத்திரியில் பயிற்சி? ஒழுங்காக நடத்துகிறவர்களுக்கு இதில் நஷ்டம் இல்லை. அவர்களுக்கும் சேர்த்துத்தான் போலிகள் கெட்ட பெயர் வாங்கித் தருகிறார்கள்.

அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளின் பட்டியலை தாலுகா ஆபீசிலும், மேல்நிலைப் பள்ளிகளிலும், நூலகத்திலும் ரிசல்ட் வருவதற்கு முன்பே தமிழில் ஒட்ட வேண்டும். இணையதளத்தில் இருக்கிறது என்று சொன்னால் போதாது. 2022-ல் அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் பிளஸ்-2 பிள்ளைகளுக்கு என்ன படிக்கலாம் என்று வழிகாட்டுகிறார்கள். எதில் ஏமாறக் கூடாது என்பதையும் அதில் ஒரு மணி நேரம் சொல்லலாமே!

இன்னொன்று. 2019-ல் மாவட்டம் பிரிந்தபோது செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி பக்கத்து மாவட்டத்துக்குப் போய்விட்டது. உத்திரமேரூர் பெண் பஸ் ஏறித்தான் போக வேண்டும். முறையான படிப்பில் சேர்ந்த கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் ஒரு பகுதியையாவது உள்ளூர் அரசு ஆஸ்பத்திரியில் கொடுத்தால் பிள்ளைகளுக்கு பஸ் செலவு மிச்சம். ஆஸ்பத்திரிக்கும் கை கூடும்.

அதுவரை பெற்றோர்தான் உஷாராக இருக்க வேண்டும். நர்ஸ் படிப்பு என்றால் நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். மருந்தாளுநர் என்றால் பார்மசி கவுன்சில். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் அரசு வேலைக்கு ஆள் எடுக்கும்போது அங்கீகாரம் பெற்ற சான்றிதழைத்தான் பார்க்கும். அங்கே 'மாதிரி' செல்லாது. பணம் கட்டுவதற்கு முன் பேப்பரைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிவிடுங்கள்.

நர்ஸ் என்றால் நர்ஸ். உதவியாளர் என்றால் உதவியாளர். 'மாதிரி' என்று ஒரு வேலை எந்த ஆஸ்பத்திரியிலும் கிடையாது. அடகுக் கடையில் இருக்கும் அந்தக் கம்மல் மட்டும் மாதிரி அல்ல, அசல் தங்கம்!