இஞ்சிக்கு முதல் ஓமைப் பாருங்க

எங்கட பேஸ் கிட்டார் அம்ப்புக்கு இன்னொரு ஸ்பீக்கர் பெட்டி வாங்க, மஹாபொல காசில கொஞ்சம் கொஞ்சமா ஒதுக்கி வைக்கிறோம். "பதினைஞ்சு இஞ்சி எடுங்கடா, கல்முனையே அதிரும்" என்று கூட்டாளிமார் சொல்றாங்க. எங்கட கருத்து வேற: இஞ்சிக்கு முதல் ஓமைப் பார்க்கணும்.

அம்ப்பின் பின்பக்கத்தில் குறைந்தது 4 ஓம் என்று போட்டிருக்கு. இருக்கிற பெட்டி 8 ஓம். இன்னொரு 8 ஓம் பெட்டியைச் சமாந்தரமாகக் கொளுவினால் மொத்தம் 4 ஓம், கணக்குச் சரி. மலிவாக் கிடைக்குதே என்று 4 ஓம் பெட்டியைக் கொளுவினால் 2.67 ஓமுக்கு இறங்கிடும். அம்ப் சூடேறும், எரிஞ்சும் போகலாம். பிறகு பெட்டியும் வீண், அம்ப்பும் வீண்.

இஞ்சியும் ஏமாத்தும். பேஸின் தடித்த கம்பி ஏறக்குறைய 41 ஹேர்ட்ஸில் அதிருது. அந்த அடிச்சத்தத்தைத் தீர்மானிப்பது ஸ்பீக்கரின் விட்டம் மட்டுமில்ல. பெட்டியின் கொள்ளளவும் அமைப்பும்தான். 1969இல் வந்த அம்பெக் எஸ்விடியின் புகழ்பெற்ற பெட்டியில் இருந்தது எட்டு 10 இஞ்சி ஸ்பீக்கர்கள்.

ஒரே மாதிரி இரண்டு பெட்டியை ஒன்றுக்கு மேல் ஒன்றாக வைத்தால், மேல்பெட்டி காதுக்குக் கிட்ட வரும். வாசிக்கிறவருக்குத் தன்ர சத்தம் தெளிவாக் கேட்கும். கூட்டி வைக்கத் தேவையில்ல. மதிலுக்கு அந்தப் பக்கம் ஏ.எல். படிக்கிற பிள்ளைக்கும் நிம்மதி. மஃரிபு பாங்குக்கு முதல் நிறுத்திடுற எங்களுக்கு, ஊரை அதிர வைக்கிற பெட்டி எதுக்கு?

இது அஞ்சு பேர்ர காசு. கடைக்குப் போக முதல் அம்ப்பின் பின்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போங்க. அதுக்குச் செலவே இல்ல.